விதைநெல்லும் உணவுநெல்லும்: அன்றாட வினையில் இன்பம்

உயிர்கள் யாவும் இன்பத்தை விழைவன, துன்பத்தை வெறுப்பன. இதன்கண் கற்றார்க்கும் கல்லார்க்கும், செல்வர்க்கும் வறியர்க்கும் வேறுபாடு சிறிதும் இல்லை. இன்பம் யாண்டுள்ளது, அதனை எய்தும் வாயில் யாது என்னும் வினாக்கள் எழும்போதே கருத்து வேறுபாடுகள் தோன்றுகின்றன. பொருளும் புகழும் பாதுகாவலும் பெருகப் பெருக இன்பமும் பெருகும் என்பர் ஒரு சாரார். உலக வாழ்வில் இன்பம் என்பதொன்று இல்லவே இல்லை, வீடுபெற்ற பின்னரே அதனைக் காண்டல் கூடும், அதுகாறும் வாழ்வைப் பொறுத்திருத்தலன்றிச் செய்யக்கிடந்தது யாதுமில்லை என்பர் மற்றொரு சாரார். முற்கூறியோர் கூற்றை உலகியலே மறுத்துவிடும். பிற்கூறியோரோ தம் கொள்கைக்குச் சைவசித்தாந்த நூல்களையே சான்றாகக் காட்டுகின்றனர். ஆகலின் அவர் கூற்று ஆராய்தற்கு உரியதாகின்றது. ஏர் உழுவோனும், தறியில் நெய்வோனும், கடையில் நிறுத்துக் கொடுப்போனும், அலுவலகத்திற் கணக்கெழுதுவோனும் நாடோறும் செய்துவரும் தொழிலின்கண் இன்பம் உண்டோ, உண்டாயின் அதனை வளர்த்துக்கோடல் இயலுமோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

காவலும் செல்வமும் இன்பம் தருமென்னும் கூற்றை உலகியல் மறுக்குமாற்றைக் காண விரும்புவோர் செஞ்சிக்குச் சென்று வரலாம். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் ஒன்றோடொன்று பிணைத்து அமைத்த பேரரண் அது. இவற்றுள் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அதன் உச்சிக்கோட்டையை அடையுமுன் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடும். அதன்மேல் இட்ட பாலத்தை எடுத்துவிட்டால் மேலே செல்ல வழியில்லை. அச்சமின்மையைத் தேடிக்கொள்ள மாந்தர் செய்யக்கூடுவன எல்லாம் அங்கே செய்து பார்க்கப்பட்டன எனலாம். நாயக்க மன்னர் அவ்வரணை வலிமைப்படுத்தினர். பின்னர் அது பீசப்பூர்ச் சுல்தான் ஆட்சிக்குட்பட்டது. 1677-ஆம் ஆண்டு மராட்டிய வேந்தர் சிவாசி அதனைக் கைக்கொண்டார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அதனை முற்றியது. உள்ளிருந்த இராசாராமர் அரண் வீழுமுன் தப்பிச் சென்றார். 1714-இல் தேசிங்குராசன் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். 1750-இல் பிரெஞ்சுப் படையினர் ஓர் இரவிற்குள் கோட்டையைப் பற்றினர். 1761-இல் அஃது ஆங்கிலேயர் கைப்பட்டது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கி நின்ற மதில் ஓரிரவிற் பயன்படாது போயிற்று. எட்டாண்டும் உள்ளே இருந்தோர்க்கு அம்மதில் காவலாயினமையோடு சிறையும் ஆயிற்று. 2025-ஆம் ஆண்டு மராட்டியர் படையரண்கள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அத்தொகுதியிற் சேர்ந்தது இஃதொன்றே. இன்று காண்போர் வியந்து செல்கின்றனர். வியப்பிற்குரியதாதல் வேறு, இன்பத்திற்கு உறைவிடமாதல் வேறு.

அடிவாரத்தில் கல்யாண மகாலும், குளங்களும், குதிரைலாயமும் இன்றும் உள்ளன. அவற்றினும் நின்று நோக்கத்தக்கது களஞ்சியம். முற்றுகைக் காலத்திற்கென நெல் சேர்த்துவைக்க எழுப்பிய அத்தடித்த சுவர்களுக்கிடையே இப்போது ஒரு மணி நெல்லும் இல்லை. கோட்டைக்கு வெளியே, ஊரிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கோ சுற்றூர் உழவர் அறுவடைதோறும் நெல்மூட்டைகளைக் கொணர்ந்த வண்ணம் இருக்கின்றனர். கொடிகள் பல மாறியும் உழவு மாறவில்லை. தமிழில் கோட்டை என்னும் சொல் அரணைக் குறித்தலேயன்றி, வைக்கோற்புரி சுற்றி விதைநெல்லைப் பொதிந்துவைக்கும் கட்டினையும் குறிக்கும். கல்லாற் செய்த கோட்டையினும் வைக்கோலாற் செய்த கோட்டையே நெடுங்காலம் நாட்டைக் காத்தது என்று கூறின், அது வெறுஞ் சொல்விளையாட்டாகாது.

உழவன் களத்தில் நெல்லை அளக்கும்போதே இரு கூறு செய்துகொள்கின்றான். ஒரு கூறு உண்பதற்கும் விற்பதற்கும் உரியது. மற்றொரு கூறு விதைக்குரியது. இரண்டும் ஒரே வயலில், ஒரே கதிரில் விளைந்தவை. நிறத்தானும் எடையானும் வேறுபாடில்லை. ஒன்று முடிந்த உழைப்பின் பயனாய் வயிற்றுட் புகும். மற்றொன்று வருகின்ற ஆண்டின் விளைவுக்குக் காரணமாய் மண்ணுட் புகும். வினையின் இயல்பை விளக்கப் புகுந்த அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் எடுத்துக்கொண்ட உவமை இதுவே. செஞ்சிக்குத் தெற்கே பெண்ணையாறும் கெடிலமும் பாயும் நாட்டிலுள்ள திருத்துறையூர் அவரது ஊர். அவர்தம் ஆசிரியராகிய மெய்கண்டதேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும் அந்நாட்டினதே. நெல்விளையும் நிலத்தில் வாழ்ந்த ஆசிரியர்க்கு இவ்வுவமை தொலைவிற் சென்று தேடவேண்டியதன்று. ஆயினும் இதன் முழுப்பொருளை உணர்வார் சிலரே. அதனை உணராமையே பிற்கூறியோரின் தவற்றுக்குக் காரணம் என்பது மேலே விளங்கும்.

அவர் கூறுவது இது: பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய ஆறும் உயிர் கருவில் அமையும்போதே அதற்கு வகுக்கப்பட்டுவிட்டன என்று சித்தியார் கூறுகின்றது. இன்பமும் அவ்வாற்றுள் ஒன்று. கருவிலேயே அளந்து வைக்கப்பட்ட ஒன்றினை முயற்சியால் வளர்த்தல் யாங்ஙனம்? வகுத்தது எட்டு மரக்காலாயின் பத்து மரக்கால் ஆக்குதல் எவர்க்கும் ஒல்லாது. எனவே இன்பத்தை வளர்த்தல் என்னும் பேச்சே சித்தாந்தத்திற்கு முரணாகும்.

இவ்வாதம் கேட்போர்க்கு வலிமையுடையது போலத் தோன்றும். நோயுற்றோரும் பொருளிழந்தோரும் இதனைக் கேட்டு மனம் ஒடிந்ததுண்டு. நூலின் பெயரால் ஒருவர்தம் ஊக்கம் கெடுமாயின், அந்நூலை எடுத்துரைத்தவர் அதனைச் சரிவரப் பயின்றாரோ என வினவுதல் முறையே.

வினை மூவகைப்படும். பல பிறவிகளில் ஈட்டித் தொகுத்து வைக்கப்பட்டது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்தற்கென முகந்தளிக்கப்பட்டது பிராரத்தம். அதனை நுகரும்போது புதிதாகத் தோன்றுவது ஆகாமியம். கருவில் வகுக்கப்பட்டனவென்று கூறிய ஆறும் பிராரத்தத்தின்பாற்பட்டன. அவை உழவனது உணவுநெல்லை ஒப்பன, விளைந்து முடிந்தவை, உண்டே தீர்க்கவேண்டியவை. அவற்றின் அளவை மாற்ற முயல்வது முடிந்துபோன அறுவடையை மீளவும் அறுக்க முயல்வதாகும். ஆகாமியமோ விதைநெல்லை ஒப்பது. வந்த பயனை நுகரும் அவ்வேளையில் உயிர் எவ்வாறு நிற்கின்றது என்பதைப் பொறுத்தே அஃது ஏறுதலும் ஏறாமையும் அமையும். இன்பம் வந்தபோது 'இஃது என் திறத்தால் வந்தது, என்னைவிட்டு நீங்கலாகாது' என்று பற்றினும், துன்பம் வந்தபோது 'இது பிறரால் எனக்கு விளைந்தது' என்று வெகுளினும் விதை மண்ணுட் புகுந்ததாகும். வந்ததை வந்தவாறு ஏற்று, யான் எனது என்னும் செருக்கின்றி நிற்பின் உணவு செரித்துப்போகும்; விதை விழாது. ஆகவே, பண்படுத்துதற்குரிய நிலம் ஒன்று ஒவ்வொரு கணமும் உயிரின் முன் கிடக்கின்றது. இன்பத்தின் அளவு முன்னரே வகுக்கப்பட்டது. உயிர் அதன்முன் நிற்கும் நிலை அவ்வாறு வகுக்கப்பட்டதன்று.

திருவள்ளுவனார் அறத்துப்பாலின் இறுதியில் ஊழ் என்னும் அதிகாரத்தை வைத்து அதன் வலியைக் கூறியவர், பொருட்பாலின் 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும், அதனை அடுத்தே இடுக்கணழியாமையையும் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஊழை உணர்ந்தோர்க்கு முயற்சி வேண்டாவென்பது அவர் கருத்தாயின் அவ்விரண்டு அதிகாரங்களும் மிகையாகும்.

இனி, வேறொரு தடை எழும். 'பற்றின்றி நிற்றல்' என்பது தொழிலில் ஊக்கமின்றி நிற்றலே அன்றோ? விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒன்றே என்று எண்ணுவோன் களைபறிப்பானோ? நூல்கள் இருவினையொப்பு எனக் கூறும் நிலை மரக்கட்டையின் நிலைதானோ? இத்தடை பொருளற்றதன்று. இருவினையொப்பின் இலக்கணத்தைப் பற்றிச் சித்தாந்திகளிடையேயே ஆராய்ச்சி நிகழ்ந்துள்ளது. துலாக்கோலின் இரு தட்டுப்போல நல்வினையும் தீவினையும் அளவால் ஒத்து நிற்றலே அது என்று கருதினோர் உளர். அங்ஙனமன்று, அஃது உயிரின் அறிவின்கண் நிகழும் ஒப்பு; நல்வினைப் பயனாகிய இன்பத்திலும் தீவினைப் பயனாகிய துன்பத்திலும் விருப்பு வெறுப்புக்கள் ஒருங்கே கழிதல் என்பதே சிவஞான முனிவர் வழிவந்தோர் கொள்ளும் பொருள். இப்பொருளை நுணுகி நோக்கின், ஒப்பு என்பது பயனைப்பற்றியதேயன்றிச் செயலைப்பற்றியதன்று என்பது புலனாகும். இதனை வாதத்தினும் வரலாறு நன்கு விளக்கும்.

மெய்கண்டார் வாழ்ந்த அதே நாட்டில், திருவாமூரில் பிறந்தவர் திலகவதியாரும் அவர்தம் தம்பியாராகிய திருநாவுக்கரசரும். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்மேற் சென்று மாண்டார். அம்மையார் உயிர்விடத் துணிந்து, தம்பியின் பொருட்டு உயிர்தாங்கினர். தம்பியாரும் பின்னர்ச் சமண் சமயம் புக்கு அகன்றார். பேறு இழவு என்னும் கணக்கில் வைத்து நோக்கின், அவர் பங்கிற்கு வந்தவை பெரும்பாலும் இழவுகளே. அவர் செய்தது யாது? கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, பொழுது புலருமுன் திருவலகிட்டு, ஆனின் சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்தார். நாள்தோறும் அதே முற்றம், அதே அலகு. அத்தொழிலால் அவருடைய இழப்புக்களில் ஒன்றேனும் மீளவில்லை. மீளும் என்று எண்ணி அவர் அதனைத் தொடங்கவும் இல்லை. தம்பியார்க்குச் சூலைநோய் கண்டு அவர் தமக்கையாரை நாடி வந்த இரவிலும், பெருந்துன்பத்தினரைத் தேற்றும் வலிமை அப்பெருமாட்டியாரிடத்து இருந்தது. கையிற் பொருளோ காவலோ இல்லாத ஒருவர்பால் அவ்வலிமை எங்கிருந்து வந்தது என்பதே உசாவுதற்குரியது. அரணுள் அமர்ந்த மன்னர் பலர்க்கு அது வாய்க்கவில்லை.

மீண்டுவந்த தம்பியார் உழவாரப் படையைக் கையிற் கொண்டார். படை என்னும் சொல்லை அரசர் வாளுக்கும் வேலுக்கும் வழங்குவர். நாவரசர்க்கு அது புல் செதுக்கும் கருவி. திருப்புகலூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறும் நிகழ்ச்சி இருவினையொப்பிற்கு உரையாகவே அமைந்துள்ளது. நாவரசர் திருமுற்றத்தில் உழவாரம் செய்யும் இடங்களிலெல்லாம் பொன்னும் மணியும் கிடக்குமாறு இறைவன் செய்தருளினான். அவர் அவற்றைப் புல்லோடும் பருக்கைக் கல்லோடும் சேர்த்து ஏந்தித் திருக்குளத்தில் எறிந்தார். இந்நிகழ்ச்சியை உரைப்போர் பொன்னை எறிந்தமையை மட்டுமே வியந்துரைப்பர். எறிந்தபின் அவர் யாது செய்தார் என்பதை நோக்குவார் அரியர். அவர் உழவாரத்தைக் கீழே வைத்துவிடவில்லை. தொண்டு முன்போலவே நிகழ்ந்தது. பொன்னும் கல்லும் ஒத்த அக்கண்களுக்குப் புல் பறித்த இடமும் பறியாத இடமும் ஒத்தனவாய்த் தோன்றவில்லை. பயனில் ஒப்பு, செயலில் விழிப்பு. பயனிற் கண் வைத்தோன் பொன்னைக் கண்டதும் களைபறித்தலை மறந்திருப்பான் என்பதனையும் இதனோடு சேர்த்து எண்ணுக. ஊக்கத்தைக் கெடுப்பது பற்றேயன்றிப் பற்றின்மை அன்று.

அஃதாயின், பயனை விழையாத செயலில் இன்பம் எவ்வாறு பிறக்கும்? சித்தாந்த நூல்களின் தத்துவப் பகுதி இதற்கு விடை தருகின்றது. தத்துவங்கள் முப்பத்தாறு என்று எண்ணி மனப்பாடஞ் செய்து அமைவோர் பலர். அவை நாள்வாழ்வில் செய்யும் வேலையை நினைத்துப் பார்ப்போர் சிலர். உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாகவே உள்ளன. அவற்றை ஆணவம் முற்ற மறைத்துள்ளது. இருளில் மூடிய கண்போல. கலை என்னும் தத்துவம் அவ்விருளைச் சிறிதே விலக்கி உயிரின் செயலாற்றலை எழுப்புகின்றது. வித்தை அறிவாற்றலையும், அராகம் விழைவாற்றலையும் எழுப்புகின்றன. குயவன் சக்கரத்தைச் சுழற்றிக் கையைப் பொருத்தும்போதும், தாய் குழந்தைக்கு நீராட்டும்போதும், மாணாக்கன் விளங்காத நூற்பா ஒன்றை விளங்கிக்கொள்ளும்போதும் நிகழ்வது இதுவே. முன் இயலாதிருந்த உயிர் இயலுகின்றது, அறியாதிருந்தது அறிகின்றது. அடைத்த சாளரத்தை ஒருவிரல் அகலம் திறந்தாற் புகும் காற்றுப்போல ஓர் உவகை அக்கணத்தில் தோன்றும். கூலி கையில் விழுமுன்னரே அது தோன்றிவிடுகின்றது என்பதைத் தொழில்செய்வார் எவரும் அறிவர். ஆகவே அது கூலியின் பயனன்று. மறைப்பு நெகிழ்தலின் பயன்.

மாயை உயிரை மயக்குவதென்று மட்டும் கேட்டுப் பழகியோர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். மாயையை இரவில் ஏற்றிவைத்த விளக்கிற்கு ஒப்பிடுதல் சித்தாந்த மரபு. விடிந்தபின் விளக்கிற்கு வேலையில்லை என்பது உண்மையே. விடியுமுன் அதனை அணைத்துவிட்டு இருளில் முட்டிக்கொள்க என்று எவ்வாசிரியரும் கூறவில்லை. உடலும் கருவிகளும் தொழிலும் அவ்விளக்கின் பகுதிகள். அவற்றால் வரும் சிற்றொளியைப் பழித்தொதுக்குவது சித்தாந்தமன்று. அச்சிற்றொளியையே பகலவன் என்று மயங்கி அமைவதும் சித்தாந்தமன்று. தொழிலில் தோன்றும் உவகை பேரின்பம் ஆகாது. ஆயின் அதற்குப் பகையும் ஆகாது. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனின் எட்டாம் அதிகாரத்திற்கு இன்புறுநிலை என்றே பெயரிட்டார். அவ்வின்பம் உயிர் தானே தன்னுள் விளைத்துக்கொள்வதன்று. இறைவன் அளிக்க உயிர் நுகர்வது. சிறிய உவகையிலும் இவ்விலக்கணம் குறிப்பாற் காணப்படும். நன்கு இயன்ற செயலின் முடிவில், 'இது என்னால் மட்டும் ஆகியதன்று' என்னும் உணர்வு பணிவுடையோர்க்குத் தானே எழுவதைக் காண்கின்றோமன்றோ!

அவ்வுவகையை நிலைபெறச் செய்தற்கு நூல்கள் கூறும் வாயில் அருமையானதன்று. திருவைந்தெழுத்தின் பொருளை நோக்குக. சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலையும், மகரம் மலத்தையும் குறிக்கும். சிவயநம என்னும் முறையில் உயிராகிய யகரம் நடுவில் நிற்கின்றது. ஒருபால் சிவமும் அருளும். மறுபால் மறைப்பும் மலமும். உயிர் தான் இருக்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளின் போதும். செஞ்சிச் சந்தையில் நெல் நிறுக்கும் வணிகர் இருவரை எண்ணிக் கொள்க. படிக்கல் ஒன்றே, தராசு ஒன்றே, உழைப்பும் ஒன்றே. ஒருவன் ஒவ்வொரு நிறையிலும் 'எனக்கு எவ்வளவு எஞ்சும்' என்னும் நகர மகரங்களின் பக்கம் நோக்கி நிற்கின்றான்; அவனுக்கு மாலையில் எஞ்சுவது கணக்கும் களைப்பும். மற்றவன் 'இந்த உழவனுக்கு ஒரு மணியும் குறையலாகாது. நிறை காண்போன் ஒருவன் உளன்' என்னும் நினைவோடு நிறுக்கின்றான். அவனும் ஊதியம் பெறுகின்றான், அவனும் களைத்துப்போகின்றான். ஆயினும் அவன் இரவில் உறங்குவான். சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் துறவியர்க்கே உரியதென்று ஒதுக்குவோர், தராசு பிடிக்கும் கையும் அப்பணியில் நிற்கக்கூடும் என்பதை மறந்தோராவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தார். அதிபத்தர் வலை வீசினார். திருநீலகண்டர் மண் வனைந்தார். அவர்தம் தொழிலைக் கைவிடுமாறு இறைவன் யாரையும் பணித்திலன்.

இத்துணையும் கூறியபின் ஓர் ஐயம் எஞ்சும். அதனைத் தள்ளிச் செல்லுதல் நேர்மையன்று. விரும்பாத தொழிலில் வயிற்றின் பொருட்டுக் கட்டுண்டு, கொடுக்கவேண்டிய கூலியும் கொடுக்கப்பெறாது உழல்வோர் உளரே, அவரிடம் சென்று 'பயனை நோக்காதே. இது நின் பிராரத்தம். மகிழ்ந்து உழை' என்று உரைத்தல் தகுமோ? தகாது. வினைக்கொள்கை ஒவ்வொருவரும் தம்மை நோக்கித் தாமே ஓதிக்கொள்ளற்குரியது. தன்மேல் வந்த துன்பத்தைத் தன் வினைப்பயனென்று ஏற்பது ஞானத்திற்கு வழி. பிறன்மேல் வந்த துன்பத்தை அவன் வினைப்பயனென்று கைவிடுவது ஆகாமியத்திற்கு வழி; அதனினும் கொடிய விதை பிறிதில்லை. கூலியைக் குறைத்தோன் அக்குறையை உழைப்பாளியின் ஊழின்மேல் ஏற்றுவானாயின், அவன் சித்தாந்தம் கூறுகின்றானல்லன். சித்தாந்தத்தின் பின்னே ஒளிந்துகொள்கின்றான். பிறர் வயிற்றுப்பசி முன்னே நிற்கும்போது அடியார் நடந்த நெறி வேறு.

இளையான்குடி மாறனார் வறுமையுற்ற காலத்து மழை இரவு ஒன்றில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் அரிசி இல்லை. கடன் தருவாரும் இல்லை. 'பகலில் வயலில் விதைத்த முளைநெல் உண்டு' என்றார் மனைவியார். உழவன் உணவுநெல்லையும் விதைநெல்லையும் பிரித்து வைப்பான் என்று மேலே கூறப்பட்டது. முற்றுகையின் கடுமையிலும் அவன் இறுதியிலேயே தொடுவது விதை. மாறனாரோ விதைத்தே விட்ட நெல்லை, இருளில் மழையிற் சென்று, காலால் வழி தடவிக் கையால் வாரிக் கூடையில் ஏந்தி வந்தார். அடுப்பெரிக்க விறகின்மையால் வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்துக்கொடுத்தார். கறிக்குக் குழியிலிருந்த கீரையைப் பறித்துக்கொணர்ந்தார். மனைவியார் அம்முளைநெல்லை வறுத்து அரிசியாக்கிச் சோறு சமைத்து, ஒரே கீரையைப் பல கறியாக்கினார். வந்தவரை நோக்கி 'பசி நும் வினை' என்று அவர் உரைத்திலர். வருகின்ற ஆண்டில் யாது உண்பது என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வினவிக்கொண்டதாகவும் சேக்கிழார் பாடவில்லை. அமுது ஆயிற்று என்று சொல்லி, உறங்கிய விருந்தினரை எழுப்பச் சென்றபோது, அவ்விருவர் முகத்திலும் இருந்தது வருத்தமன்று.